இது டிபன் கேரியர் இல்லை!

கேரியர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று டிபன் கேரியர். இன்னொன்று சைக்கிள் கேரியர். முதலாவதில் சாம்பார் சிந்தக் கூடாது. இரண்டாவதில் அரிசி மூட்டை விழக் கூடாது. அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. இப்போது மூன்றாவதாக ஒரு கேரியர் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. பேபி கேரியர். இதையும் முதல் இரண்டைப் போலவே நினைத்து வாங்குகிறோம் என்பதுதான் என் புகார். விழவில்லை, எனவே சரி.

சரி இல்லை சார். சாம்பார் மூச்சு விடாது. குழந்தை விடும்.

ஏதாவது ஒரு பெரிய கடைக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். "சார், இது இம்போர்டட் மாடல். ஆறு விதமா மாட்டலாம். பிறந்ததுலேர்ந்து மூணு வயசு வரைக்கும் வரும். வாஷிங் மெஷின்லயே போடலாம்." இதுதான் விற்பவரின் பேச்சு. வாங்குபவரின் கேள்விகள் அதைவிட அபாரம். "நேவி புளூ இருக்கா?" "ஆன்லைன்ல இதே எண்ணூறு ரூபாய்தானே?" செல்போன் வாங்க மூன்று வாரம் ஆராய்ச்சி செய்கிறவர்கள், பெற்ற பிள்ளையை மாட்டிக்கொள்ளும் சாதனத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்பவர் அபூர்வம்: இதற்குள் என் குழந்தை எப்படி மூச்சு விடும்?

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. 2010 மார்ச்சில் அது ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் ஸ்லிங் வகைத் துணிப் பைகளைப் பற்றி. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங்கோடு தொடர்புள்ள மரணங்கள் குறைந்தது 14 அதன் கவனத்துக்கு வந்திருந்தன. அந்தப் பதினாலில் 12 குழந்தைகளுக்கு நான்கு மாதம்கூட நிரம்பவில்லை. அதே மாதம், மூன்று குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, பை போன்ற ஒரு மாடலில் சுமார் பத்து லட்சம் ஸ்லிங்குகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 2017-ல் ஸ்லிங்குகளுக்குக் கட்டாயத் தர விதியே கொண்டுவந்தார்கள். அப்போது ஆணையம் சொன்ன கணக்கு: 2003 முதல் 2016 செப்டம்பர் வரை 159 சம்பவங்கள். அதில் 17 மரணங்கள்.

லட்சக்கணக்கானவர்கள் உபயோகிக்கும் பொருளில் இது சின்ன எண்ணிக்கைதானே என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். கேரியரே கூடாது என்பது என் கட்சி அல்ல. கேரியர் நல்ல பொருள். மாட்டத் தெரிந்தால் மட்டும் நல்ல பொருள். இந்த மரணங்கள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் தவிர்க்கவும் முடியும்.

கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்துத் தசைக்குப் பலம் கிடையாது. பை ஆழமாகத் தொங்கினால் குழந்தை அதற்குள் வளைந்து சுருண்டுவிடும். தாடை நெஞ்சில் வந்து படும். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மடக்கினால் என்ன ஆகும்? அதேதான் மூச்சுக்குழலுக்கும். இல்லையென்றால் முகம் துணியிலோ உங்கள் மார்பிலோ அழுந்திவிடும். தலையைத் திருப்பிக்கொள்ள அதற்குத் தெம்பு இல்லை. ஒன்றிரண்டு நிமிடம் போதும். இதில் கொடுமை என்னவென்றால், சத்தமே வராது. மூச்சுப் போக வழியில்லாத குழந்தையால் அழ முடியாது. "பாவம், நல்லா தூங்குது" என்று நாம் நடந்துகொண்டே இருப்போம்.

அப்படியானால் என்ன பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது? பிரிட்டனில் இதற்கு ஐந்து விதிகளை 'டிக்ஸ்' என்று சுருக்கி எல்லா அம்மாக்களுக்கும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். நாமும் செய்வோம். இதற்கு மெஷின் வேண்டாம், டிகிரி வேண்டாம். கண்ணும் கையும் போதும்.

ஒன்று, இறுக்கம். நீங்கள் குழந்தையை இரண்டு கையாலும் அணைத்தால் எவ்வளவு ஒட்டி இருக்குமோ அவ்வளவு ஒட்டி இருக்க வேண்டும். துணி தொளதொளவென்று இருந்தால் குழந்தை உள்ளே சரியும். "இறுக்கினா குழந்தைக்கு வலிக்காதா?" என்று கேட்காதீர்கள். தொங்குவதுதான் வலி.

இரண்டு, முகம். குனிந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும். துணியை விலக்கித்தான் பார்க்க முடியும் என்றால் தவறு. வெயில் என்று முந்தானையாலோ டவலாலோ மூடிவிட்டால், வாங்கிய காசும் போச்சு, பாதுகாப்பும் போச்சு.

மூன்று, முத்தம். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் குழந்தையின் உச்சந்தலையில் முத்தம் கொடுக்க முடிய வேண்டும். முடியவில்லையா? குழந்தை ரொம்பக் கீழே தொங்குகிறது. உலகத்திலேயே இவ்வளவு இனிமையான தரப் பரிசோதனை வேறெதற்கும் கிடையாது.

நான்கு, தாடை. குழந்தையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் உடனே நிமிர்த்துங்கள். பிறகு பார்க்கலாம் என்பதே இதில் கிடையாது.

ஐந்து, முதுகு. முதுகில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துங்கள். குழந்தை உங்கள் பக்கம் நெருங்கி வந்தாலோ சுருண்டு இருந்தது நிமிர்ந்தாலோ தாங்கல் போதவில்லை என்று அர்த்தம். மறுபடி இறுக்கிக் கட்டுங்கள்.

ஸ்லிங்கில் வைத்தபடியே பால் கொடுப்பவர்கள், கொடுத்து முடித்ததும் குழந்தையை மறுபடி நிமிர்த்தி வையுங்கள். நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைவு, சளி கட்டி மூச்சு இழுக்கிறது... இவர்களுக்கெல்லாம் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் மாட்டாதீர்கள்.

மூச்சு முடிந்தது. அடுத்தது இடுப்பு. "காலை அகட்டி வச்சா கால் வளைஞ்சு போயிடும்" என்று வீட்டில் ஒரு பெரியம்மா நிச்சயம் சொல்வார். நேர்மாறாகச் சொல்கிறது வைத்திய சாஸ்திரம். முதல் ஆறு மாதங்களில் தொடை எலும்பின் பந்தும் இடுப்புக் கிண்ணமும் இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை. காலைச் சேர்த்து நீட்டிக் கட்டினால் அந்தப் பந்து கிண்ணத்தைவிட்டு விலக வாய்ப்பு அதிகம். ஜப்பானில் கைக்குழந்தைகளின் காலை நீட்டி வைக்கும் பழக்கத்தை மாற்றச் சொல்லி 1975-ல் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அதுவரை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை இருந்த இடுப்பு விலகல், ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை. காலை மடக்கி விட்டார்கள், அவ்வளவுதான்.

எனவே கடையில் பாருங்கள். குழந்தை உட்காரும் துணி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரைக்கும் அகலமாக வர வேண்டும். முழங்கால், பிருஷ்டத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கில 'எம்' எழுத்து மாதிரி தெரியும். உத்தமமான உதாரணம் வேண்டுமானால், நம் பாட்டிகள் இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் போஸ். கால் இரண்டும் இடுப்பைச் சுற்றி. அதேதான். ஆனால் மலிவாகக் கிடைக்கும் பல மாடல்களில் நடுவில் கோவணம் மாதிரி ஒரு குறுகிய பட்டை இருக்கும். குழந்தை பாராசூட்டில் மாட்டிய வீரன் போலத் தொங்கும். அதில் வைத்ததாலேயே இடுப்பு விலகிவிடும் என்று சொல்ல மாட்டேன். அதற்கு நிரூபணம் இல்லை. நல்ல நிலை எது என்று தெரிந்தபிறகு மோசமானதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

அட்டைப் பெட்டியில் குழந்தை உலகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, முகத்தை வெளிப்பக்கம் வைத்திருக்கும் படம் போட்டிருப்பார்கள். கழுத்து நன்றாக நிற்கும்வரை, அதாவது ஐந்தாறு மாதம் ஆகும்வரை, அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்தான். தூங்கிவிட்டால் உடனே உங்கள் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

சுமப்பவரையும் கொஞ்சம் கவனிப்போம். எடை முழுக்கத் தோளில் இறங்கினால் அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அகலமான இடுப்புப் பட்டை உள்ளதாக எடுங்கள். எடை இடுப்புக்கு இறங்கிவிடும். சிசேரியன் ஆனவர்கள் பட்டை தையல் மேல் உட்காராதபடி பார்க்க வேண்டும். டாக்டர் சரி என்ற பிறகுதான் எடை தூக்க வேண்டும். குனிய வேண்டுமென்றால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். கேரியரில் குழந்தை இருக்கும்போது அடுப்படி வேண்டாம். சூடான காபி டம்ளரும் வேண்டாம். அப்புறம் நம் வெயில். ஐரோப்பியக் குளிருக்காகத் தைத்த பஞ்சு மெத்தைக் கேரியரை மே மாதம் தி.நகரில் மாட்டிக்கொண்டு திரிவது, குழந்தையை இட்லிப் பானையில் வைப்பதற்குச் சமம். உங்கள் உடம்புச் சூடும் சேர்கிறது என்பதை மறக்காதீர்கள். மெல்லிய பருத்தி அல்லது வலைத் துணி. குழந்தைக்கு உள்ளே ஒரே ஒரு சட்டை. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்துச் சுட்டால் வெளியே எடுத்துவிடுங்கள்.

"எல்லாம் வெள்ளைக்காரன் ஃபேஷன்!" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களுக்கு ஒரு தகவல். இன்றைய மார்பில் மாட்டும் கேரியருக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் ஆன் மூர் என்ற அமெரிக்க நர்ஸ். 1960-களில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் வேலை செய்தபோது, அங்கே தாய்மார்கள் குழந்தையைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் குழந்தைக்கு அதேபோலத் தைத்துக்கொண்டார். 1969-ல் காப்புரிமை வாங்கினார். ஏழை நாட்டு அம்மாவின் துணிதான் வெள்ளைக்காரன் பெட்டிக்குள் புகுந்து நம்மிடம் எட்டாயிரம் ரூபாய்க்குத் திரும்பி வருகிறது. நம் ஊரில் நரிக்குறவர் பெண் ஒருத்தி பழைய சேலையில் குழந்தையைத் தோளோடு கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்றால் 'ஐயோ பாவம்' என்கிறோம். அதையே மாலில் பார்த்தால் 'மாடர்ன் பேரண்டிங்' என்கிறோம். குழந்தைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முகம் தெரிகிறதா, முதுகு தாங்குகிறதா என்பதுதான் அதற்கு முக்கியம். பழைய சேலையில் சரியாகக் கட்டப்பட்ட குழந்தை, எட்டாயிரம் ரூபாய்க் கேரியரில் தவறாக மாட்டப்பட்ட குழந்தையைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது.

"தூக்கியே பழக்காதே, அப்புறம் இறங்காது" என்பது இன்னொரு கோஷ்டி. கனடாவின் மான்ட்ரியாலில் 99 அம்மாக்களை வைத்து நடத்தி 1986-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் மற்றவற்றைவிட 43 சதவிகிதம் குறைவாக அழுதன. இது சாதாரணக் குழந்தைகளுக்கு. வயிற்று வலியில் விடாமல் வீறிடும் குழந்தைக்கு இந்த வைத்தியம் பலிப்பதாகத் தெரியவில்லை. ஆனால் தூக்குவதால் குழந்தை கெட்டுவிடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தூக்குவது அம்மா மட்டும்தான் என்று எந்தக் கேரியரிலும் எழுதியிருக்காது. பட்டையின் நீளத்தைக் கூட்டினால் அப்பாவுக்கும் கச்சிதமாகப் பொருந்தும்.

அப்பா என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வந்துவிட்டேன். இவ்வளவு நேரம் சொன்னதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அடுத்த தடவை சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் பாருங்கள். ஸ்கூட்டர் ஓட்டும் அப்பா. நெஞ்சில் கேரியர். அதற்குள் ஆறு மாதக் குழந்தை. பின்னால் அம்மா, நடுவில் மூத்த பிள்ளை. பார்ப்பவர்களுக்கு, "பரவாயில்லையே, பொறுப்பான அப்பா" என்றுகூடத் தோன்றும்.

கணக்குப் போடுங்கள். குழந்தைக்கு முன்னால் ஹேண்டில் பார். பின்னால் எழுபது கிலோ அப்பா. ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. பிரேக். வண்டி நிற்கிறது. அப்பா நிற்க மாட்டார், முன்னால் போவார். இரண்டுக்கும் நடுவில் ஏழு கிலோ குழந்தை. காரில் முன்னால் ஏர்பேக் இருக்கிறது. ஸ்கூட்டரில் அந்த ஏர்பேக்கின் இடத்தில் உங்கள் பிள்ளை இருக்கிறது.

"கையில பிடிச்சுக்கறதுக்கு இது மேல் இல்லையா சார்?" நியாயமான கேள்வி. கேரியர் குழந்தை கை நழுவி விழுவதைத் தடுக்கும், உண்மை. மோதலைத் தடுக்காது. நடப்பதற்காகத் தைத்த சாதனம் அது. அதன் பக்கிளும் தையலும் குழந்தையின் எடையைத் தாங்குவதற்குத்தான், விபத்தின் விசையைத் தாங்குவதற்கு அல்ல. காரிலும் இதே கதைதான், கேரியர் ஒருநாளும் கார் சீட் ஆகாது. கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில், கையில் வைத்திருந்தால் போகத் துணியாத தூரத்துக்கும் வேகத்துக்கும் போய்விடுகிறோமே, அதுதான் பெரிய ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு இன்னொரு விதி கொண்டுவந்தது. ஒரு வருடம் கழித்து அமலுக்கு வரும் என்றார்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை டூவீலரில் ஏற்றினால், ஒன்பது மாதம் ஆன குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் பாதுகாப்பு வார் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. அந்த வார் 30 கிலோ தாங்கும்படி கனமான நைலானில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். கடையில் நீங்கள் வாங்கிய நேவி புளூ கேரியர் அந்த வார் அல்ல.

ஒன்பது மாதத்துக்குக் கீழே? ஹெல்மெட் பற்றி விதி வாய் திறக்கவில்லை. அதை அனுமதி என்று நாம் எடுத்துக்கொண்டோம். அது அனுமதி இல்லை. தலையே நிற்காத குழந்தைக்கு எந்த ஹெல்மெட்டை மாட்டுவீர்கள்? அதன் எடையை அந்தக் கழுத்து தாங்குமா? எழுத வேண்டிய அவசியமே இல்லாத விஷயம் என்று விதி எழுதியவர் நினைத்திருக்கலாம். நம்மை அவருக்குத் தெரியவில்லை! 'ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தையை டூவீலரில் ஏற்றக் கூடாது' என்று ஒரு வரியை அரசு வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும்.

கார் இல்லாதவர் எங்கே போவார் என்கிறீர்களா? இந்த நாட்டில் ஸ்கூட்டர்தான் நடுத்தர வர்க்கத்தின் குடும்ப வாகனம் என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது முதல் ஒன்பது மாதம் மட்டும். அந்த ஒன்பது மாதத்துக்குப் பஸ், ரயில், ஆட்டோ. ஆட்டோ முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹேண்டில் பாருக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். எட்டாயிரம் ரூபாய்க் கேரியருக்குப் பதிலாக இரண்டாயிரத்தில் ஒன்று வாங்குங்கள். மிச்சம் ஆறாயிரத்தில் தடுப்பூசி போடப் போகிற நாளெல்லாம் ஆட்டோவில் போகலாம்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயம் ஆக்கினீர்கள். நல்ல காரியம். கேரியர் பொம்மை இல்லை என்பதால் அந்த ஆணைக்குள் வராது. கிலுகிலுப்பைக்கு முத்திரை கேட்கிற தேசம், குழந்தையையே தொங்கவிடும் பைக்கும் கேட்க வேண்டாமா? பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கும் ஒன்று. டிஸ்சார்ஜ் அன்று பில்லை விளக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள். குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அரசாங்கம் விழித்துக்கொள்ளும்வரை நம் வேலையை நாம் பார்ப்போம். பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிப்படி அது இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த 'இம்போர்டட்' சமாசாரத்தைத் தொடாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோவரை என்று எழுதியிருக்கிறதா? வயதைவிட எடைதான் முக்கியம். பக்கிளைப் பத்துத் தடவை போட்டுக் கழற்றுங்கள். தையலை இழுத்துப் பாருங்கள். அக்கா வீட்டிலிருந்து பழையது வந்தாலும் இதே சோதனைதான். கடையில் மாட்டிப் பார்க்க அனுமதிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போங்கள். செருப்பையே போட்டுப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம்.

வாங்கி வந்த அன்றே குழந்தையைத் திணிக்காதீர்கள். நாலு கிலோ அரிசியைத் துண்டில் சுற்றி, கட்டிலுக்கு மேலே நின்றுகொண்டு, ஒரு வாரம் மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். அப்பாவும்தான். விழுந்தால் அரிசிதானே, பொறுக்கிக்கொள்ளலாம்.